அட்டாலியிலிருந்து இறங்கிய லேப்டாப்பும் அப்பாவின் கேசட் பெட்டியும்

போன ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்த மழையில் எங்கள் தோட்டத்துச் சாளையின் ஓடு இரண்டு இடத்தில் ஒழுக ஆரம்பித்தது. காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிற வீடு. திருப்பூரில் வேலை முடித்து ராத்திரி ஒன்பது மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா டார்ச் பிடித்துக்கொண்டு நிற்க, எழுபத்திரண்டு வயது அப்பா ஏணியில் நின்று அட்டாலியில் கிடந்ததையெல்லாம் இறக்கிக்கொண்டிருந்தார். நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, மட்டும் எடுக்கிற அண்டா, பழைய போசிகள், சாக்கு மூட்டைகள். அவற்றோடு இரண்டு பொருள் வந்தன. ஒன்று, தங்கச்சி ப்ளஸ் டூ படித்தபோது 2012-ல் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப், அதே பையோடு. இன்னொன்று அப்பாவின் கேசட் பெட்டி.

தகரப் பெட்டிதான், ஆனால் மூடியின் ஓரத்தில் துரு தின்று தண்ணீர் இறங்கியிருந்தது. அப்பா முன்கூடமான ஆசாரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேசட்டாகத் துண்டில் ஒற்றி வைத்தார். எண்ணிப் பார்த்தேன், 143. பாதிக்கு மேல் கடையில் பதிவு செய்தவை. நோட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் கேசட்டில் ஏற்றித் தருவார்களே, அந்த வகை. கொஞ்சம் இலங்கை வானொலியிலிருந்து பிடித்தவை, பாட்டு ஆரம்பிக்கும் முன் அறிவிப்பாளரின் குரல் பாதியில் வெட்டுப்படும். அடியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஆறு கேசட்கள். மேலே அப்பாவின் கையெழுத்தில் “உடுக்கை, 91 நோம்பி”.

“மத்தது போனாப் போவுது கண்ணு. இந்த ஆறையும் எப்படியாச்சும் பத்திரம் பண்ணோணும்” என்றார்.

அந்த வருச நோம்பிக்கு எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) உடுக்கைக்காரர்களை வரவழைத்து, கோயில் திடலில் அண்ணமார் கதை, அதாவது பொன்னர் சங்கர் கதை, பாட வைத்திருக்கிறார். அப்பா டூ-இன்-ஒன் என்கிற ரேடியோ-டேப்ரெக்கார்டரைக் கட்டிலின் காலடியில் வைத்துப் பதிந்திருக்கிறார். பொன்னர் சங்கர் கதையைப் புத்தகமாக வாங்கலாம். அது வேறு. ஓர் ஊரில் ஒரு ராத்திரியில் ஒரு கலைஞர் பாடியது அந்த நாடாவில் மட்டுமே இருக்கிறது. மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களின் நடுவில் எங்கள் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்து, இதே கதையை உடுக்கைக்காரர் பாடப் பாட ஒலிநாடாவில் பதிந்தார். அதனால் அந்தப் பாட்டு இன்றைக்கும் ஆய்வாளர்கள் கையில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பாட்டுக்கு அப்படி யாரும் வரவில்லை. வந்தது அப்பாவின் டூ-இன்-ஒன் மட்டும்தான்.

கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி, வீட்டில் எல்லாரும் கேட்கிற மாதிரி பழைய கணினி ஒன்றை மியூசிக் சர்வராக ஓடவிட முடிவு செய்தேன். மாதச் சந்தா கட்டினால் கோடிக்கணக்கில் பாட்டுக் கிடைக்கிற காலத்தில் வீட்டில் எதற்கு மியூசிக் சர்வர் என்று தெரிந்தவர்கள் கேட்டார்கள். அந்த ஆறு கேசட்டும் எந்தச் சந்தாவிலும் கிடைக்காது. வேலையை ஆரம்பித்த காரணம் அதுதான்.

முதலில் நான் கையில் எடுத்தது அந்த லேப்டாப்பை அல்ல. எங்கள் அலுவலகத்தில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததும் பழைய டெஸ்க்டாப்களை ஒதுக்கினார்கள். அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். நன்றாகவே ஓடியது. அம்மாதான் கேட்டார், “ஏங்கண்ணு, ராவும் பகலும் ஓடுனா கரண்ட் பில்லு எச்சா வராதா?” பிளக்கில் செருகி வாட் பார்க்கும் மீட்டர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி அளந்தேன். சும்மா இருக்கும்போதே 68 வாட். அறுபது நாளுக்குக் கணக்குப் போட்டால் 98 யூனிட்டுக்கு ஒரு துளி குறைவு. நான் அளந்த சமயத்தில் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த மொத்தத்தையும் இந்த ஒரு பெட்டி விழுங்கிவிடும். லேப்டாப்பைத் திரை அணைத்து வைத்து அளந்தேன், 14 வாட். இரண்டு மாதத்துக்கு 20 யூனிட். டெஸ்க்டாப்பை அன்றைக்கே திருப்பி எடுத்துப் போனேன். பழைய கணினி எதை எடுத்தாலும் முதலில் இந்த அளவை எடுத்துவிடுங்கள். இலவசமாகக் கிடைத்த பெட்டிக்கு மின்கட்டணத்தில் விலை கொடுக்க வேண்டாம்.

லேப்டாப்பை மேசையில் வைத்தால் ஒரு பக்கமாக ஆடியது. திருப்பிப் பார்த்தால் பேட்டரி நடுவில் உப்பியிருந்தது. பத்து வருசம் சும்மா கிடந்த லித்தியம் பேட்டரி அப்படித்தான் ஆகும். வீங்கிய பேட்டரியைக் குத்தவோ நெம்பவோ சார்ஜ் போடவோ கூடாது. நல்ல வேளையாக இது கழற்றி மாட்டுகிற வகை. இரண்டு கொக்கியைத் தள்ளி மெதுவாக எடுத்து, மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுத்துவிட்டேன். பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே ஓடுகிறது. ஆனால் மின்சாரம் போனால் உடனே அணைந்துவிடும். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையில் போகிற மின்சாரம் சாயங்காலம்தான் வரும். அதற்காக ஃபேனுக்கும் லைட்டுக்கும் போட்டிருந்த இன்வெர்ட்டர் லைனில் இதையும் ரவுட்டரையும் சேர்த்துவிட்டேன். இன்வெர்ட்டரும் தீர்ந்துவிட்டால், மின்சாரம் வந்ததும், அப்படி அமைத்து வைத்த டெஸ்க்டாப் போல இது தானாக எழுந்திருக்காது. “பச்சை விளக்கு எரியாவிட்டால் இதை ஒரு தடவை அமுக்கவும்” என்று எழுதி பவர் பட்டனுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். உங்கள் லேப்டாப்பில் பேட்டரி நன்றாக இருந்தால் அதுவே யுபிஎஸ் மாதிரி உதவும். சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்துகிற வசதி இருந்தால் கட்டாயம் அதைப் போட்டுவிடுங்கள், எப்போதும் 100-ல் நின்றால் அதுவும் ஒருநாள் உப்பும்.

உள்ளே திறந்தால் மின்விசிறியில் தூசி பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. துடைத்து, ப்ராசஸருக்கு மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தேன். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் என்கிற எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். இதில் 40-ஐத் தாண்டியிருந்தது. அந்த டிஸ்க்கை நம்பி ஒரு பாட்டைக்கூட வைக்கக் கூடாது. 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போட்டேன். இந்த முழு வேலையில் கணினிக்கென்று செய்த பெரிய செலவு அது ஒன்றுதான்.

நிறுவியது டெபியன் 13 என்கிற இலவச லினக்ஸ் இயங்குதளம், டெஸ்க்டாப் சூழல் எதுவும் இல்லாமல். ஒரு எச்சரிக்கை: 2025 ஆகஸ்ட்டில் வந்த இந்தப் பதிப்பிலிருந்து 32-பிட் கணினியில் புதிதாக டெபியனை நிறுவ முடியாது. கோர் 2 டுவோ காலத்திலிருந்து வந்தவை பெரும்பாலும் 64-பிட்தான், கவலை வேண்டாம். அதற்கும் முந்தையது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவும்போது ஒரு சிக்கலில் இரண்டு மணி நேரம் போனது. மென்பொருள் பட்டியலை இறக்கப் போனால் ‘இது இன்னும் செல்லுபடிக்கு வரவில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இணையத்தையும் ரவுட்டரையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் கணினியின் தேதி 2012 ஜனவரி 1. மதர்போர்டில் இருக்கிற நாணயம் மாதிரிக் குட்டி பேட்டரி செத்துப்போயிருந்தது. புதிது போட்டு, தேதியைச் சரிசெய்ததும் எல்லாம் ஓடியது. பழைய கணினியைத் திறந்தால் கேட்காமலேயே அதை மாற்றிவிடுங்கள்.

லேப்டாப்பின் மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும். லினக்ஸை இயக்கி நடத்தும் சிஸ்டம்டியின் லாகின்டி அமைப்புக் கோப்பில் மூடி பற்றிய வரியை ‘இக்னோர்’ என்று மாற்ற வேண்டும். நெட் கேபிளை நேராக ரவுட்டரில் செருகினேன். எங்கள் மண்சுவர் ஒன்றரை அடி கனம், வைஃபை இரண்டு சுவரைத் தாண்டினால் இல்லாமலே போய்விடுகிறது. ரவுட்டரில் இந்தக் கணினிக்கென்று ஓர் ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டேன், இல்லாவிட்டால் ரவுட்டர் அணைந்து எழும் ஒவ்வொரு முறையும் போனில் முகவரியை மாற்ற வேண்டிவரலாம்.

பாட்டுக்கு நாவிட்ரோம் என்கிற இலவச, திறந்த மூல மென்பொருள். ஜெல்லிஃபினையும் போட்டுப் பார்த்தேன். சினிமாவும் பார்க்க வேண்டுமென்றால் அதுதான் சரி. எனக்குப் பாட்டு மட்டும் போதும், இந்தக் கணினியில் ராம் 2 ஜிபிதான். நாவிட்ரோம் அதில் சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. பாட்டு இருக்கிற ஃபோல்டரைக் காட்டிவிட்டால் தானே படித்துக்கொள்ளும். உலாவியில் 4533 போர்ட்டில் திறக்கும். சப்சோனிக் முறையில் பேசுகிற எந்தச் செயலியையும் போனில் போட்டு இதோடு இணைக்கலாம். இவ்வளவுதான், ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் முடிந்துவிடும்.

கேசட்டுக்குத்தான் நாலு மாதம் பிடித்தது.

வாங்கிய ஆடியோ சிடி என்றால் கணினியில் போட்டால் ஐந்து நிமிடத்தில் ஏறிவிடும். கேசட்டுக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. அறுபது நிமிடக் கேசட்டுக்கு அறுபது நிமிடம் உட்கார வேண்டும். அதனால் எதை முதலில் செய்வது என்பதைத் தீர்மானிப்பதுதான் முதல் வேலை. கடையில் பதிந்த சினிமாப் பாட்டெல்லாம் வேறெங்காவது இதைவிடத் தெளிவாகக் கிடைக்கும். அவற்றை ஒதுக்கினேன். உடுக்கை ஆறு, அக்கா கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடியது ஒன்று, எங்கள் ஊர்ப் பெண்கள் கும்மி பாடியது இரண்டு, ஆத்தா (பாட்டி) ஒப்பாரி சொல்லிக் காட்டியது ஒன்று, இலங்கை வானொலிப் பதிவுகள் கொஞ்சம். மொத்தம் முப்பத்தியொன்று தேறின.

ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் டேப் டெக் ஒன்று கிடைத்தது. பெல்ட் மாற்றிக் கொடுத்தார். யுஎஸ்பியில் செருகுகிற விலை குறைந்த கேசட் பிளேயர்கள் இணையத்தில் விற்கின்றன, வாங்காதீர்கள். நண்பர் ஒருவரிடம் இருந்ததைப் போட்டுப் பார்த்தேன், நாதஸ்வரத்தின் நீண்ட சுரம் தண்ணீரில் மிதக்கிற மாதிரி அலைந்தது. டெக்கின் ஹெட்டை, அதாவது நாடாவைப் படிக்கிற முனையை, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைத்தேன், பழுப்பாக வந்தது. ஐந்தாறு கேசட்டுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும்.

அப்புறம், கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு பக்கமும் குட்டித் தாழ் மாதிரி பிளாஸ்டிக் இருக்கும். அது உடைந்திருந்தால் அந்தக் கேசட்டில் மேற்கொண்டு பதிய முடியாது. அப்பாவின் உடுக்கைக் கேசட் ஆறிலும் அது உடையாமல் இருந்தது. முப்பத்து நாலு வருசமாக யாராவது ஒரு தடவை சிவப்புப் பட்டனைத் தவறி அமுக்கியிருந்தால் போயிருக்கும். டெக்கில் போடும் முன்னால் பன்னிரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் உடைத்தேன். நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள்.

முதல் பதினொரு கேசட்டையும் நான் தப்பாகப் பதிந்தேன். டெக்கிலிருந்து வந்த வயரை லேப்டாப்பின் ஒற்றை ஆடியோ துளையில் செருகிவிட்டேன். அந்தத் துளையின் உள்ளீடு மைக்குக்கானது. ஒரே சேனல்தான் வாங்கும், அதுவும் மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்குகிற அமைப்பு. டெக்கிலிருந்து வருகிற பலமான சிக்னல் அதில் நுழைந்தால் உச்சி நசுங்கிவிடும். சின்ன ஸ்பீக்கரில் கேட்டபோது தெரியவில்லை. ஹெட்ஃபோனில் கேட்டேன், உடுக்கையின் ஒவ்வொரு அடியும் கிழிந்த துணி மாதிரி இருந்தது. மனசு விட்டுப்போயிற்று. டெஸ்க்டாப்பில் வெளிர்நீல நிறத்தில் லைன்-இன் துளை தனியாக இருக்கும், அதில் செருகலாம். லேப்டாப் என்றால் லைன்-இன் உள்ள யுஎஸ்பி ஆடியோ இடைமுகம் ஒன்று கட்டாயம் வேண்டும். வாங்கினேன். பதினொன்றையும் திரும்ப ஓட்டினேன்.

பதிந்தது ஆடாசிட்டி என்கிற ஒலிப்பதிவு மென்பொருளில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். மிகச் சத்தமான இடத்திலும் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். அறுபது நிமிடம் ஸ்டீரியோ வேவ் கோப்பாக 635 எம்பி வரும், ஃப்ளாக்காக மாற்றினால் ஒலியில் எதுவும் குறையாமல் பாதி அளவுக்கு வந்துவிடும். 143 கேசட்டையும் ஏற்றினாலும் 50 ஜிபியைத் தாண்டாது. எனவே எம்பி3 ஆக்கி இடம் மிச்சம் பிடிக்க வேண்டியதே இல்லை.

சத்தம் மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தால் நாடா கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பதிந்த இயந்திரத்தின் ஹெட் சாய்வும் இப்போது ஓட்டுகிற டெக்கின் ஹெட் சாய்வும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஹெட்டின் பக்கத்தில் ஒரு குட்டித் திருகாணி இருக்கும். அதன் இப்போதைய நிலையைக் குறித்து வைத்துக்கொண்டு, பாட்டை ஓடவிட்டு, கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும். கும்மிக் கேசட்டில் நான் அதைத் திருப்பிய நொடியை மறக்க மாட்டேன். மொத்தையாகக் கேட்டுக்கொண்டிருந்த கைதட்டல், சட்டென்று தனித்தனிக் கைகளாகப் பிரிந்தது. சமையல் கட்டிலிருந்து அம்மா ஈரக் கையோடு வந்து நின்றார். “அது எங்க சின்னம்மா கொரலு” என்றார்.

உடுக்கைக் கேசட்களில் வேறொரு சிக்கல். ஒவ்வொரு பக்கமும் போகப் போகக் குரலின் சுருதி ஏறிக்கொண்டே போனது. டெக்கைத்தான் சந்தேகப்பட்டேன். மெக்கானிக்தான் விளக்கினார். திடலில் கரண்ட் இல்லை, செல் போட்டுத்தான் பதிந்திருப்பார்கள். செல் தீரத் தீர நாடா மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் விரைவாகவும் உச்சமாகவும் கேட்கும். அப்பாவிடம் கேட்டேன். “ஆமாங்கண்ணு, நடுச்சாமத்துல செல்லு மாத்துனோம்” என்றார். அந்த இடம் நாடாவில் அப்படியே இருக்கிறது. ஒரு டக் சத்தம், அப்புறம் சுருதி மறுபடியும் கீழே இறங்கி வருகிறது. ஆடாசிட்டியில் வேகத்தைப் படிப்படியாக மாற்றும் வசதியை வைத்துச் சரிசெய்தேன். ஆனால் அசல் பதிவைத் தொடவில்லை, சரிசெய்தது தனிக் கோப்பு. இரைச்சலை நீக்கும் வசதியையும் அளவோடுதான் பயன்படுத்த வேண்டும். ஒருமுறை அதிகமாகப் போட்டேன், உடுக்கையின் அதிர்வு போய்த் தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. நாளைக்கு இன்னும் நல்ல மென்பொருள் வரும், அதற்கு அசல் வேண்டும்.

மூன்றாவது கேசட்டின் முதல் பக்கத்தில், பதினெட்டாவது நிமிடத்தில், பாடுகிறவர் மூச்சு வாங்க நிறுத்துகிறார். எங்கோ மாட்டு மணி. அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல், “எல்லாத்துக்கும் காப்பி குடுத்தாச்சா?” ஆத்தா. அவர் இறந்து இருபது வருசம் ஆகிறது. இரைச்சல் நீக்கியிருந்தால் அந்த மணி போயிருக்கும்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் தமிழுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. பழைய எம்பி3 சிடிகளிலிருந்து வந்த பாட்டுகளில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கன்னாபின்னாவென்று குறிகள் இருந்தன. யுனிகோட் பரவும் முன் பாமினி, டிஸ்கி என்று ஒவ்வொருவரும் ஒரு முறையில் எழுதிவைத்தது. மாற்றித் தருகிற கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, ஆனால் எந்த முறை என்று கண்டுபிடித்துப் பொறுமையாக மாற்ற வேண்டும். மாற்றிய பெயர்களை கிட்3 என்கிற மென்பொருளில் மொத்தமாக ஒட்டலாம்.

இரண்டாவது, நீளம். விண்டோஸில் இருந்த சில கோப்புகள் லினக்ஸுக்கு வரும்போது பெயர் நீளம் என்று சொல்லி நகலாக மறுத்தன. லினக்ஸின் எக்ஸ்ட்4-ல் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. ‘கொ’ என்றால் ககரத்துக்கு மூன்று, கொம்புக்கும் காலுக்கும் சேர்த்து மூன்று, ஆக ஆறு. 85 குறிக்கு மேல் போக முடியாது. படம், பாட்டு, பாடகர், வருசம் எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே எழுதுகிற பழக்கம் உள்ளவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். பெயரைச் சுருக்கமாக வைத்து, விவரத்தையெல்லாம் பாட்டுக்குள் இருக்கிற டேகில் எழுதுங்கள். நாவிட்ரோம் டேகைத்தான் படிக்கிறது.

மூன்றாவது, யாருடைய பாட்டு என்பது. சினிமாப் பாட்டில் கலைஞர் என்ற இடத்தில் பாடகரை எழுதினால், ஒரே படத்தின் ஆறு பாட்டும் ஆறு ஆல்பமாகச் சிதறிவிடும். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் இசையமைப்பாளரையும், ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் பாடியவர்களையும் எழுதினேன். நம் ஆட்கள் பாட்டைத் தேடுவதே இசையமைப்பாளர் பெயரை வைத்துத்தானே. ஒரே இசையமைப்பாளர் ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துக்கூட்டலில் ஐந்து ஆளாக நின்றிருந்தார். தமிழில் எழுதியதும் ஒருவரானார். வீட்டுக்கு வெளியே யாருக்கும் தேவைப்படாத வேலை என்றாலும், அப்பா போனில் தமிழில் ஒலித்தேடலில் சொன்னால் பாட்டு வர வேண்டும் என்றால் இதைத் தவிர வழியில்லை.

ஆனால் அப்பா போனைத் தொடுவதே அபூர்வம் என்பது அப்புறம்தான் புரிந்தது. விடிகாலை நாலரைக்குக் கட்டுத்தாரையில் பால் கறக்கும்போது அவருக்குப் பாட்டு வேண்டும், அதற்காகப் போனைத் தேய்த்துக்கொண்டு நிற்க மாட்டார். அதனால் அதே லேப்டாப்பில் எம்பிடி என்கிற இன்னொரு மென்பொருளையும் போட்டேன். அது பாட்டை நேராக அந்தக் கணினியின் ஸ்பீக்கரிலேயே பாடும். நாவிட்ரோமும் எம்பிடியும் ஒரே ஃபோல்டரைத்தான் படிக்கின்றன. அப்புறம் கடைகளில் கணக்குப் போடுகிறவர்கள் பயன்படுத்தும் எண் மட்டும் உள்ள யுஎஸ்பி கீபேடு ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கட்டளை. 1 பக்திப் பாட்டு, 2 பழைய சினிமாப் பாட்டு, 3 நாதஸ்வரம், 4 உடுக்கை, 0 நிறுத்து. கூட்டல் கழித்தல் சத்தத்துக்கு. ஆசாரத்து ஜன்னல் திண்டில் அதை வைத்து, மேலே சீட்டு எழுதி ஒட்டினேன். முதல் நாளே அவருக்குப் பழகிவிட்டது.

கட்டுத்தாரை வீட்டிலிருந்து நாற்பது மீட்டர். அங்கே வரைக்கும் நெட் கேபிள் இழுக்கலாமா என்று யோசித்தேன். முந்தின வருசம் இடி விழுந்தபோது வெளியே கிடந்த கேபிள் வழியாகத்தான் ரவுட்டரே கருகியது. அதனால் ஆம்ப்ளிஃபையரை வீட்டுக்குள் வைத்து, ஸ்பீக்கர் வயர் மட்டும் 1.5 சதுர மில்லிமீட்டர் கனத்தில் இழுத்தேன். அந்தத் தூரத்துக்கு இழப்புப் பெரிதாக இல்லை. மழைக்காலத்தில் மின்னல் தெரிந்தால் அதையும் கழற்றிவிட வேண்டும். லேப்டாப்பை ஆம்ப்ளிஃபையரில் இணைத்ததும் ஊம் என்று ஓர் இரைச்சல் வந்தது. இரண்டும் வேறு வேறு பிளக்கில், எர்த் வழியாகச் சுற்று உண்டாகி வருகிற இரைச்சல் அது. இரண்டையும் ஒரே பிளக் பலகையில் மாற்றியதும் பாதி குறைந்தது. நடுவில் ஆடியோ ஐசொலேட்டர் ஒன்று போட்டதும் மீதியும் போனது.

திருப்பூரிலிருந்து கேட்க நினைத்தால், ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடச் சொல்கிற அறிவுரை நம்மூரில் பெரும்பாலும் பலிக்காது. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத்தான் இணைய நிறுவனங்கள் கொடுக்கின்றன. வேறு வேறு இடத்துக் கருவிகளைத் தனி வலையில் இணைக்கிற டெயில்ஸ்கேலை இரண்டு பக்கமும் நிறுவினேன், வேலை முடிந்தது. திறந்துவிடாமல் இருப்பது பாதுகாப்புக்கும் நல்லது. வெளியிலிருந்து கேட்கும்போது ஓபஸ் என்கிற ஒலி வடிவத்தில் 96 கிலோபிட்டாகச் சுருக்கி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், ஒரு மணி நேரத்துக்கு 43 எம்பிதான். காங்கேயம் பஸ்ஸில் ஊதியூர் மலையைப் பார்த்தபடி அப்பா பதிந்த இலங்கை வானொலியைக் கேட்பது எனக்குப் பெரிய நிறைவு.

நகல் எடுப்பதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இழந்திருப்பேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஆர்சிங்க் மூலம் எஸ்எஸ்டியில் இருப்பதை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுக்க ஏற்பாடு செய்திருந்தேன். மூலத்தில் அழித்ததை நகலிலும் அழிக்கச் சொல்லும் வசதியோடு. பாட்டு இருந்த பகுதி ஒருநாள் இயங்கத் தொடங்கும்போது இணையாமல் போய்விட்டது. மூலம் காலி என்று நினைத்து ஆர்சிங்க் நகலையும் காலி செய்தது. காலையில் அப்பா 4-ஐ அமுக்கினார், பாட்டு வரவில்லை என்று போன் செய்தார். எஸ்எஸ்டியில் எல்லாம் பத்திரமாக இருந்தது, மறுபடி இணைத்ததும் வந்துவிட்டது. ஆனால் அதே நாளில் எஸ்எஸ்டி பழுதாகியிருந்தால்? அதற்குப் பிறகு, பாட்டு ஃபோல்டரில் ‘இருக்கிறேன்’ என்று ஒரு வெற்றுக் கோப்பு வைத்திருக்கிறேன். அது கண்ணில் பட்டால்தான் நகல் வேலை தொடங்கும். அழிக்கும் வசதியை எடுத்துவிட்டேன். இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் முழு நகல் கோயம்புத்தூரில் தங்கச்சி வீட்டு பீரோவில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒறம்பரையாகப் போகும்போது மாற்றிக்கொள்வேன்.

தை மாதம் கோயிலுக்கு வந்திருந்த ஒருவர், வீட்டு வழியாக நடந்து போகும்போது கட்டுத்தாரைப் பக்கம் உடுக்கைச் சத்தம் கேட்டு நின்றுவிட்டார். பாடியவரின் மகன். அவர் வீட்டில் அவருடைய அய்யன் குரல் ஒரு பதிவும் இல்லை. ஆசாரத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார், கூடவே உதடு அசைந்தது. போகும்போது பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அது எந்தப் படலம், எங்கே தொடங்குகிறது, எங்கே இரண்டு அடி விட்டுப்போயிருக்கிறது என்றெல்லாம் அவருக்குத் தெரிகிறது. இப்போது என் கோப்புகளில் ‘உடுக்கை 3-அ’ என்று வெறும் எண்தான் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்கிறேன் என்றிருக்கிறார். அதற்குள் நாலாவது கேசட்டின் இரண்டாம் பக்கத்தை முடித்தாக வேண்டும். நாடாவை ஹெட்டோடு அமுக்கிப் பிடிக்கிற குட்டிப் பஞ்சு அதில் உதிர்ந்துவிட்டது. கடையில் பதிந்த ஒரு கேசட்டின் ஐந்து திருகாணியையும் கழற்றி, அதன் கூட்டுக்குள் இந்த நாடாச் சுருளை மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன்.